உங்களுக்குத் தெரியுமா? வேலை தேடும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சில விவரங்கள்

படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் வழி இரண்டு. மில்லில் யாரிடமாவது சொல்லி வைப்பது ஒன்று. திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுவது இன்னொன்று. இரண்டிலும் தவறில்லை. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே, சிபாரிசே தேவைப்படாத வாய்ப்புகள் எத்தனையோ இருக்கின்றன. விவரம் தெரியாததாலும், ஏதோ ஒரு சான்றிதழ் கையில் இல்லாததாலும் நம் பிள்ளைகள் அவற்றைத் தவறவிடுகிறார்கள். இந்த வாரப் பகுதி முழுக்க அந்த விவரங்கள்தான்.

● ராம்கோ சிமெண்ட்ஸ், ராம்கோ இண்டஸ்ட்ரீஸ், ராம்கோ சிஸ்டம்ஸ், ராஜபாளையம் மில்ஸ். பங்குச் சந்தையில் இருக்கும் இந்த நான்கு நிறுவனங்களுக்கும் பதிவு அலுவலகம் சென்னையில் இல்லை, ராஜபாளையத்தில்தான் இருக்கிறது. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ்தான் இந்தக் குழுமத்தின் ஆரம்பம்.

வேலை தேடுகிறவருக்கு இதனால் என்ன பயன்? பங்குச் சந்தை நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டறிக்கை வெளியிட்டே ஆக வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் நிறுவனத்தின் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். எந்த ஆலையை விரிவுபடுத்துகிறார்கள், எந்தப் பிரிவில் லாபம் குறைந்தது, அடுத்த ஆண்டு எதில் முதலீடு செய்யப் போகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்டர்வியூவில் “எங்கள் கம்பெனியைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்கும்போது, “நல்ல கம்பெனி சார், பெரிய கம்பெனி சார்” என்பார்கள் பலர். ஆண்டறிக்கையில் நான்கு பக்கம் படித்துவிட்டுப் போனவருடைய பதில் தனியாகத் தெரியும்.

● பஞ்சாலையில் எட்டு வருடம் உழைத்தவர் பயோடேட்டாவில் பெரும்பாலும் ஒரே வரிதான் எழுதுகிறார்: “ஸ்பின்னிங் சூப்பர்வைசர், 8 ஆண்டு அனுபவம்.” இதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த எட்டு வருடத்தில் அவர் கற்றது ஒன்றுகூட அந்த வரியில் இல்லை.

இப்படி எழுதிப் பாருங்கள். எத்தனை கதிர்கள் உங்கள் பொறுப்பில் இருந்தன? ஓடியது 40-ஆம் கவுண்டா, 80-ஆ, 100-ஆ? ஒரு பவுண்டு எடை நூலில் 840 கஜ நீளச் சிட்டம் எத்தனை கிடைக்கிறதோ, அதுதான் கவுண்ட். எண் ஏற ஏற நூல் மெலியும். மெலிந்த நூலை அறுக்காமல் ஓட்டுவது கடினம். அதனால் 100-ஆம் கவுண்ட் ஓட்டியவர் என்ற ஒரு தகவலே மில் மேனேஜருக்கு நிறையச் சொல்லிவிடும். மெஷின் எல்.எம்.டபிள்யூ.வா வேறு தயாரிப்பா, ஷிப்ட்டில் எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினீர்கள், நூல் அறுந்துபோவதும் கழிவுப் பஞ்சும் உங்கள் காலத்தில் குறைந்ததா, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

ஃபிரேம் ஓட்டும் பெண்களுக்கும் இதையே சொல்வேன். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் கதிரை நிறுத்தி, பாபினிலிருந்து நூல் முனையை எடுத்து, டிராவலரில் மாட்டி, மேலே உருளையிலிருந்து இறங்கும் பஞ்சிழையோடு சேர்த்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். தேர்ந்த கைக்கு இது சில விநாடி வேலை. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழகவே மாதக்கணக்கில் ஆகும். இதையெல்லாம் “சும்மா மில் வேலை” என்று நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள். கோவையில் 1956 முதல் இயங்கும் சிட்ரா, அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், மில் தொழிலாளர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி தருகிறது. அப்படி ஒரு பயிற்சிக்கு நிர்வாகம் அனுப்பியிருந்தால் அந்தச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

● பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் “எஸ். முருகேசன்”. ஆதாரில் “முருகேசன் சண்முகம்”. பான் கார்டில் “சண்முகம் முருகேசன்”. மூவரும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும். பி.எஃப். அலுவலகக் கணினிக்குத் தெரியாது.

இனிஷியல் நம் வழக்கம். படிவங்களோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். சேவை மையத்தில் யாரோ அவசரத்தில் நிரப்பிய ஒரு கட்டம், பல ஆண்டு கழித்து வேலையில் சேரும் நாளில் வந்து மறிக்கும். பின்னணிச் சரிபார்ப்பு தாமதமாகும், பி.எஃப். கணக்கு இணையாது, பாஸ்போர்ட் நிற்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் மூலமாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு ஒத்தபடி திருத்துவதுதான் சுலபம். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பள்ளித் தலைமையாசிரியரிடமிருந்து தொடங்குங்கள். பெயரையே மாற்ற வேண்டியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். இவையெல்லாம் நாள் பிடிக்கும் வேலைகள். அழைப்புக் கடிதம் வந்தபின் தொடங்கினால் முடியாது.

● தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2010-ல் வந்த சட்டம் இது. பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்துவிட்டு இந்த ஒதுக்கீட்டைக் கேட்டவர்கள் இருந்ததால், பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும்.

படித்தால் மட்டும் போதாது, அதற்குச் சான்று வேண்டும். தொடக்கப் பள்ளி ஒரு ஊரில், உயர்நிலை இன்னொரு ஊரில் என்று படித்தவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்தத் தகுதி இருக்கிறது, கையில் சான்றிதழ் இல்லை. கோடை விடுமுறையில் பள்ளி அலுவலகத்தில் ஆள் இருக்காது. பள்ளி நடக்கும் மாதங்களிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

● டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். இதில் 100 கேள்விகள் தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் விடைத்தாளின் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். 2025 ஜூலை 12-ல் நடந்த தேர்வு 3,935 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் அறிவிப்பு 6,244 இடங்களுக்கு. தமிழை “நமக்குத் தெரிந்ததுதானே” என்று ஒதுக்கிவிட்டுப் பொது அறிவுப் புத்தகமாக வாங்கிக் குவிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பாதி வினாத்தாள் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களை ஒட்டியே இருக்கும். அந்தப் புத்தகங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும், இல்லையென்றால் இணையத்தில் இலவசம்.

● வனக்காப்பாளர், வனக்காவலர் பதவிகளும் 2024 முதல் குரூப் 4 வழியாகவே நிரப்பப்படுகின்றன. 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் நம் ஊரை ஒட்டியே தொடங்குகிறது. மலையடிவாரத்துப் பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம்.

● மாவட்டத் தலைநகரம் விருதுநகர். ஆனால் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்!

நீதிமன்றம் என்றதும் வக்கீலும் நீதிபதியும்தான் நினைவுக்கு வருவார்கள். ரீடர், எக்ஸாமினர், பைலிஃப், சம்மன் கொண்டுபோகும் பிராசஸ் சர்வர், ஜெராக்ஸ் ஆபரேட்டர், டிரைவர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர் என்று அங்கே சம்பளம் வாங்கும் பதவிகள் நிறைய. இவற்றுக்குச் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆள்தேர்வுப் பிரிவு தனியாக அறிவிப்பு வெளியிடுகிறது. 2024-ல் தமிழகம் முழுக்க 2,329 இடங்களுக்கு, மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து விண்ணப்பம் கேட்டார்கள். டி.என்.பி.எஸ்.சி. தளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணில் இது படாது. உயர்நீதிமன்றத்தின் தளத்தையும் மாதம் ஒருமுறை பாருங்கள்.

● டைப்ரைட்டிங் காலாவதியாகிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அரசு அலுவலகத் தட்டச்சர் பதவிக்கு இன்றும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வுச் சான்றிதழ் கேட்கிறார்கள். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் வேகம். தமிழிலும் ஆங்கிலத்திலும் முதுநிலை முடித்தவர்களுக்குத்தான் முதல் இடம்.

காலையில் இன்ஸ்டிட்யூட்டில் “யளனக” அடிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு, முதல் சில வாரம் சுண்டுவிரல் வலிக்கும், ‘ய’ மட்டும் மங்கலாக விழும். பொறுத்துக்கொண்டால் ஒரே ஆண்டில் இளநிலையைத் தாண்டலாம். கூடவே அலுவலகக் கணினிப் பயன்பாட்டுக்கான சி.ஓ.ஏ. தேர்வையும் எழுதிவிடுங்கள், தட்டச்சர் பதவிக்கு அதுவும் கேட்கப்படுகிறது. குரூப் 4 தேர்வில் பொது இளநிலை உதவியாளருக்கு மதிப்பெண் போதாத பலர், இந்தச் சான்றிதழ்கள் இருந்ததால் தட்டச்சராக உள்ளே போயிருக்கிறார்கள். தட்டச்சுத் தகுதி உள்ளவர்கள் குறைவு, அதனால் போட்டியும் குறைவு. மாதக் கட்டணமும் பெரிய தொகையில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கும் மாதங்களுக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தோன்றவில்லை.

● அஞ்சல் துறையின் கிராமிய டாக் சேவக் வேலைக்குத் தேர்வே கிடையாது. கணிதமும் ஆங்கிலமும் சேர்த்துத் தேறிய பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. தமிழ் படித்திருக்க வேண்டும். வயது 18 முதல் 40 வரை. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் கட்டணம் இல்லை.

● மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. தேர்வு இந்தி, ஆங்கிலத்தில் மட்டும்தான் என்று நினைத்து விலகி நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எம்.டி.எஸ்., சி.எச்.எஸ்.எல். தேர்வுகளை 2023 முதலே தமிழில் எழுதலாம். துணை ராணுவக் காவலர் தேர்வும் 2024 முதல் தமிழில் உண்டு.

● சத்திரப்பட்டிப் பக்கம் போனால் தறிச் சத்தம் கேட்கும். அங்கே நெய்வது சேலையோ வேட்டியோ அல்ல, ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும். நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்கு இங்கிருந்து போகிறது.

பேண்டேஜ் என்பது சட்டப்படி மருத்துவப் பொருள். 2017-ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின் கீழ் அதைத் தயாரிக்க உரிமம் வேண்டும். துணியின் நெருக்கம், நீரை உறிஞ்சும் வேகம், கிருமி நீக்கம் எல்லாவற்றையும் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்குத் தகுதி பெற்ற ஆட்கள் வேண்டும். பி.எஸ்சி. வேதியியல், நுண்ணுயிரியல், பி.ஃபார்ம். படித்துவிட்டு “நம்ம ஊரில் என் படிப்புக்கு என்ன இருக்கிறது” என்று கேட்கும் பிள்ளைகள் முதலில் இந்தப் பக்கம் விசாரிக்க வேண்டும். ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களில் ஆவணம் தயாரிக்க ஆங்கிலம் தெரிந்தவர்களும் தேவைப்படுவார்கள். இப்படிப்பட்ட சிறு நிறுவனங்கள் பேப்பரில் விளம்பரம் கொடுப்பது அபூர்வம். நேரில் போய், கேட்டில் பயோடேட்டா கொடுத்து, தர ஆய்வுப் பிரிவில் யார் பொறுப்பு என்று கேட்டு வாங்கி, ஒரு வாரம் கழித்து அவரிடம் போனில் பேசுங்கள்.

● சாஃப்ட்வேர் என்றால் சென்னை, பெங்களூர் என்ற நினைப்பை 2011-லேயே ஒரு நிறுவனம் மாற்றிக் காட்டியது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் உள்ள ஸோஹோ. ராஜபாளையத்திலிருந்து தென்காசி, பஸ்ஸில் போய்வரும் தூரம். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு பயிற்சி தரும் ஸோஹோ பள்ளி அங்கும் இருக்கிறது. மதுரையில் எச்.சி.எல். இருக்கிறது, பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி தரும் டெக்பீ திட்டம் அவர்களுடையது. பொறியியலுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டையும்தான். இரண்டிலும் சேர்வதற்கு அவர்கள் வைக்கும் தேர்வு உண்டு. பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்ப அறிவிப்பைத் தேடத் தொடங்குங்கள்.

● கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் காது கேளாத, வாய் பேச இயலாத மாணவர்களுக்கென்றே பொறியியல் வகுப்புகள் நடக்கின்றன. வெளி மாவட்டங்களிலிருந்து தேடி வந்து படிக்கிறார்கள். உள்ளூரில் அப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதைச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

● வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பதிவு மூப்பு போய்விடும். இப்போது எல்லாம் இணையத்தில்தான். விருதுநகருக்கு அலைய வேண்டாம்.

பதிவு செய்து ஐந்து ஆண்டு காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 300, தேறாதவருக்கு 200. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு வரை கிடைக்கும். பொறியியல், சட்டம் போன்ற தொழிற்படிப்புக்காரர்களுக்குக் கிடையாது. தொகை சிறியதுதான். ஆனாலும் விண்ணப்பக் கட்டணத்துக்கும் தேர்வு மையம் போய்வரும் பஸ் செலவுக்கும் அப்பாவிடம் கை நீட்டாமல் இருக்க உதவும்.

விருதுநகர் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பும் உண்டு. ஆயிரக்கணக்கில் கட்டி கோச்சிங் சேருவதற்கு முன் ஒரு நடை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அரசு நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் கட்டணம் இல்லை.

● “சம்பளம் இருபதாயிரம்” என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, முதல் மாதம் கையில் பதினாறாயிரம் வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். பெரும்பாலும் இது ஏமாற்று இல்லை, சி.டி.சி. என்பதைச் சம்பளம் என்று நாம் புரிந்துகொண்டதன் விளைவு.

கணக்கைப் பாருங்கள். மொத்தச் சம்பளம் 18,000. அதில் பி.எஃப். பிடிப்பதற்கு உரிய சம்பளம் 15,000 என்றால் உங்கள் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 135 ரூபாய். கையில் வருவது 16,065. நிறுவனம் தன் பங்காக பி.எஃப். 1,800 ரூபாயும், ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதமான 585 ரூபாயும் கட்டுகிறது. எல்லாம் சேர்ந்து 20,385. இதைத்தான் சி.டி.சி. என்கிறார்கள். இது போக அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி. அதனால் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது: “பிடித்தம் போக மாதம் கையில் எவ்வளவு வரும் சார்?” இதைக் கேட்பதால் யாரும் உங்களைப் பணத்தாசை பிடித்தவர் என்று நினைக்க மாட்டார்கள்.

மூன்று மில்லில் விலை கேட்டு நூல் வாங்கும் வியாபாரியைப் போல, சம்பளத்தையும் நான்கு இடத்தில் விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

● வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துவிடும் பழக்கம் நம் பக்கத்தில் அதிகம். தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கூரை, ஆஸ்பத்திரி என்று காரணம் ஒவ்வொன்றும் நியாயமாகவே இருக்கும். ஆனால் முழுவதும் எடுத்துக் கணக்கை முடிக்கும்போது இழப்பது அந்தப் பணத்தை மட்டுமல்ல. நிறுவனம் கட்டும் பங்கிலிருந்து, சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மொத்தம் 10 ஆண்டு சேவை சேர்ந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். மூன்று மில்லில் நான்கு நான்கு ஆண்டு வேலை பார்த்தவருக்குப் பன்னிரண்டு ஆண்டு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்திருந்தால் கணக்கு ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். யு.ஏ.என். என்பது ஆயுள் முழுக்க ஒரே எண். புது இடத்தில் அதையே கொடுத்து, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் கணக்கை முடிக்காமல் முன்பணம் எடுக்க வழி இருக்கிறது. ஐந்து ஆண்டுக்குள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் வருமான வரியும் பிடிப்பார்கள்.

பெரிய நிறுவனங்கள் இப்போது அனுபவத்தைச் சரிபார்ப்பதே பி.எஃப். பதிவை வைத்துத்தான். பயோடேட்டாவில் எழுதிய மாதமும் அங்கே உள்ள மாதமும் ஒத்துப்போக வேண்டும்.

● தீபாவளிக்கு முன்பே வேலையை விட்டால் போனஸ் கிடையாது என்று சொல்லிப் பலரைத் தடுத்து வைக்கிறார்கள். கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே, போனஸுக்கான சம்பள வரம்புக்குள் வரும் தொழிலாளிக்கு வேலை பார்த்த அளவுக்கு உரிமை உண்டு. குறைந்தது 8.33 சதவீதம். நல்ல வாய்ப்பு புரட்டாசியில் வந்தால், ஐப்பசி வரை காத்திருந்து அதை இழக்க வேண்டியதில்லை. எழுத்தில் கேட்டுவிட்டு வாருங்கள்.

● நியமனக் கடிதம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஒவ்வொரு தொழிலாளிக்கும் அது தரப்பட வேண்டும். பதவி, சம்பளம், சேர்ந்த தேதி மூன்றும் அதில் இருக்கட்டும்.

● வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. ‘டெபாசிட்’, ‘யூனிஃபார்ம் செலவு’, ‘டிரெயினிங் ஃபீஸ்’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. அசல் சான்றிதழைக் கேட்டால் நகலைக் கொடுத்து, அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிடித்து வைக்க உரிமையில்லை என்று சென்னை உயர்நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று தமிழகப் பஞ்சாலைகளில் ஒரு காலத்தில் இளம்பெண்களைச் சேர்த்தார்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர். இடையில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பியவர்கள் பலர் அந்தப் பணத்தைப் பார்க்கவே இல்லை. சம்பளம் மாதாமாதம், உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் வர வேண்டும். கடைசியில் தருகிறோம் என்ற பேச்சுக்கு எந்தப் பெற்றோரும் சம்மதிக்கக் கூடாது.

வெளிநாடு என்றால் கூடுதல் கவனம். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள், மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கி, 2022-ல் மீட்கப்பட்டார்கள். ஏஜெண்ட் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாய்க்கும் அதற்கான ஜி.எஸ்.டி.க்கும் மேல் வாங்கக் கூடாது. தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறது; முதலில் அங்கே பதிவு செய்யுங்கள். ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் உடனே 1930.

● ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுப்படியில் பால் சுண்டும் பதம் தெரிந்த மாஸ்டருக்குக் கிடைக்கும் மதிப்பு இங்கே எல்லோருக்கும் தெரியும். பேக்கிங், உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஆன்லைன் ஆர்டர், வெளியூருக்கு அனுப்புவது இவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படும் கடைகளும் உண்டு. பி.காம். படித்த பிள்ளை ஒரு கடைக்குப் போய் “உங்கள் ஆன்லைன் ஆர்டரை நான் கவனித்துக்கொள்கிறேன்” என்று கேட்டுப் பார்க்கலாம்.

● சாத்தூர் அருகே இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. 2023-ல் நாடு முழுவதும் ஏழு இடங்களுக்கு அறிவித்தார்கள், அதில் தமிழகத்துக்குக் கிடைத்தது நம் மாவட்டத்தில்தான். நூற்பிலிருந்து ஆயத்த ஆடை வரை ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்பது திட்டம். நூற்பு தெரிந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். சாயமிடுதல், ஆடைத் தரக் கட்டுப்பாடு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு தெரிந்தவர்கள் குறைவு. இன்று பாலிடெக்னிக்கில் பாடம் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் இதை மனதில் வைக்கலாம்.

● சென்னையில் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ என்றால், முதல் நாள் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ்தான் நம் ஊருக்குப் பழக்கம். முடிந்தால் இன்னும் ஒரு நாள் முன்னதாகவே கிளம்புங்கள். ரயிலில் தூங்காத கண்ணோடு உட்கார்ந்தால் தெரிந்த பதிலும் வராது. முதல் சுற்றை வீடியோவில் வைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். பல நிறுவனங்கள் இப்போது ஒப்புக்கொள்கின்றன. வேலை கிடைத்துச் சென்னையில் தங்கப் போகும் பெண்கள் அரசின் ‘தோழி’ விடுதிகளை விசாரிக்கலாம்.

● கடைசியாக, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு. உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளையோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் படித்த பாலிடெக்னிக்குக்கோ கல்லூரிக்கோ ஒரு போன் செய்து பிளேஸ்மெண்ட் பார்க்கும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஊர்க் கிளை நூலகத்தில் கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள். பதவி, படிப்பு, சம்பளம், கடைசித் தேதி, விண்ணப்பிக்க வேண்டிய முகவரி, இந்த ஐந்தும் அதில் இருந்தால் போதும்.